அயர்ன் மெய்டனை முதல்முறை நேரில் பார்க்க: எங்கே நிற்பது, எதைக் கேட்பது

கேள்வி இது: பதினைந்து வருடமாக அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவைக் கேட்கும் ஒருவருக்கு ‘ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்’ சுற்றுப்பயணத்தில், ஐரோப்பாவில் ஒரு ஸ்டேடியத்தில், நின்று பார்க்கும் டிக்கெட் கிடைத்திருக்கிறது. ராக் கச்சேரிக்கே முதல்முறை போகிறார். முன்வரிசைக்கு முண்டியடித்துப் போவதா, இயர்ப்ளக் வைத்தால் இசை கெட்டுவிடாதா, ரெக்கார்டில் கேட்டதுபோலவே இருக்குமா என்று கேட்கிறார்.

சுருக்கமான பதில்: முதல்முறை முன்வரிசை வேண்டாம். மைதானத்தின் நடுவில் சவுண்ட் மிக்ஸர் வைத்திருக்கும் கூடாரம் ஒன்று இருக்கும். அதற்கு முன்னால், அதன் தடுப்பில் முதுகு படும்படி நில்லுங்கள். இயர்ப்ளக் கட்டாயம் வேண்டும். ரெக்கார்டில் கேட்டதுபோல இருக்காது, ஆனால் எங்கே மாறும் என்று தெரிந்துகொண்டு போனால் அந்த மாற்றமே பிடித்துப்போகும்.

நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். இந்தக் குழுவின் பாட்டைத் தாங்குவது ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டார். கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக் இல்லாமல் விரல்களாலேயே வாசிப்பார். வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் கம்பிகள், ஃபென்டர் பிரிசிஷன் பேஸ். விரல் பட்டதும் கம்பி ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில், மோதும் அந்த ‘கிளாங்’ ஓசைதான் அவருடைய அடையாளம். ‘குதிரைப் பாய்ச்சல்’ என்று ரசிகர்கள் சொல்லும் தாளத்தைக் கொன்னக்கோலில் சொல்லிப் பார்த்தால் எளிதாகப் பிடிபடும்: தா-கிட, தா-கிட, தா-கிட. ‘தா’ நீளம், ‘கி’யும் ‘ட’வும் அதில் பாதி. ‘தி ட்ரூப்பர்’ பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 தட்டு. ஒரு தட்டுக்கு 375 மில்லிவிநாடி என்றால் ‘தா’வுக்கு 188, ‘கி’க்கும் ‘ட’வுக்கும் தலா 94.

இப்போது ஸ்டேடியத்தின் பின்பகுதியில், கான்கிரீட் கேலரிக்கு 35 மீட்டர் முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி உங்களைக் கடந்து போய்ச் சுவரில் மோதித் திரும்புகிறது. போக 35, வர 35, மொத்தம் 70 மீட்டர். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், ஆகவே எதிரொலி வந்து சேர 206 மில்லிவிநாடி. ‘தா’வின் எதிரொலி ஏறக்குறைய ‘கி’யின் தலையிலேயே விழுகிறது என்று அர்த்தம். தாளம் குழைந்து, ‘தூ-தூ-தூ’ என்ற ஒரே உறுமலாகிவிடும். பின்னால் நின்றவர்கள் பலர் ‘சவுண்ட் சரியில்லை’ என்று திட்டிக்கொண்டு வெளியே வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மிக்ஸரில் இருப்பவர் எதுவும் தப்பாகச் செய்திருக்க மாட்டார். பாடலில் வேகம் கூடக் கூட இந்தக் கோளாறும் கூடும். இதே இடத்தில் நின்று மெதுவான பாட்டைக் கேட்டால் குறை அவ்வளவாகத் தெரியாது.

எதிரொலியை வெல்ல வேண்டுமென்றால், ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி எதிரொலியைவிடப் பலமாக இருக்கும் தூரத்துக்குள் நிற்க வேண்டும். அதே சமயம் ரொம்ப முன்னாலும் போகக் கூடாது. பெரிய ஸ்பீக்கர் வரிசைகள் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கும். அவை வீசும் ஒலி முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே கடந்துவிடும். முன்வரிசைக்கென மேடை விளிம்பில் சிறிய ஸ்பீக்கர்கள் இருக்கும். அங்கே கேட்பது அவற்றின் ஒலியும், மேடையிலிருந்து நேராக வரும் டிரம் ஓசையும், எதிரே எந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதோ அதன் ஓசையும்தான். மூன்று கிட்டார்காரர்கள் உள்ள குழுவில் ஒருவர் மட்டும் காதைப் பிளப்பார், மற்ற இருவரும் எங்கோ தூரத்தில் இருப்பார்கள். குரல் அடங்கிக் கேட்கும். முகத்தைப் பார்க்க முன்வரிசை சிறந்த இடம். இசையைக் கேட்க அது மோசமான இடம்.

மிக்ஸர் கூடாரம் பெரும்பாலும் மேடையிலிருந்து 30, 40 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். அங்கே உட்கார்ந்து கலக்குபவர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் கலக்குகிறார். அந்தக் காதுக்குப் பக்கத்தில் உங்கள் காதும் இருக்கட்டும். கூடாரத்தின் முன்பக்கத் தடுப்பில் சாய்ந்து நின்றால் இன்னொரு லாபம், பின்னாலிருந்து யாரும் தள்ள முடியாது. கூடாரத்துக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள், மேடை மறைந்துவிடும்.

அங்கே போய் நின்ற பிறகும் பேஸ் வயிற்றைக் குமட்டும் அளவுக்கு வந்தாலோ, இல்லாமலே போனாலோ, நாலு எட்டு நகர்ந்து பாருங்கள். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பியை எங்கும் அழுத்தாமல் வாசித்தால் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். மேடையின் இடமும் வலமும் இருக்கும் சப்வூஃபர்களின், அதாவது அடி ஓசைக்கென்றே உள்ள ஸ்பீக்கர்களின், அலைகள் நடுக்கோட்டில் ஒன்றோடொன்று கூடி வீங்கும், பக்கவாட்டில் சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த மேடுபள்ளங்கள் மீட்டர் கணக்கில் அகலமானவை. தலையைத் திருப்பிப் பயனில்லை, நடந்துதான் ஆக வேண்டும். வார்ம்-அப் குழு வாசிக்கும்போதே இதைச் சோதித்து இடத்தை முடிவு செய்துவிடுங்கள். மெய்டன் தொடங்கிய பிறகு அசைய இடம் இருக்காது.

திறந்தவெளியில் காற்று வீசினால் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் ஓசையும் குரலின் கூர்மையும் ‘ஹூஷ்’ என்று வந்து வந்து போகும். ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். காற்று மேடையிலிருந்து உங்கள் பக்கமாக வீசும் ஓரத்தில் நின்றால் குறையும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளைந்து வரும், அதனால் இரவில் தானாகவே தெளிவு கூடும்.

தேர்த்திருவிழா வாணவேடிக்கையில் வெளிச்சம் முதலில் தெரிந்து வெடிச்சத்தம் பின்னால் வருகிறதல்லவா, இங்கேயும் அதே கணக்குதான். 100 மீட்டர் தள்ளி நின்றால் திரையில் டிரம்மர் கை இறங்கி 0.3 விநாடி கழித்துத்தான் ஓசை வரும். கை தட்டும்போது திரையைப் பார்த்துத் தட்டினால் தாளம் தப்பும். காதில் விழுவதோடு சேர்ந்து தட்டுங்கள்.

இயர்ப்ளக் பற்றி. தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்ஐஓஎஸ்எச் வகுத்த கணக்கில் 85 டெசிபல் ஓசையில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலுக்கு 1 மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். மெய்டன் வாசிப்பதோ ஏறக்குறைய 2 மணி நேரம். 15 டெசிபல் குறைக்கும் இயர்ப்ளக் வைத்தால் 100 டெசிபல் 85 ஆகிறது, 8 மணி நேரக் கணக்குக்குள் வந்துவிடுகிறீர்கள்.

இசை கெட்டுவிடும் என்ற பயம் மஞ்சள் ஸ்பான்ஜ் வகைக்குப் பொருந்தும். அது மேல்ஸ்தாயியை அதிகமாகவும் கீழ்ஸ்தாயியைக் குறைவாகவும் வெட்டுவதால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இசைக்கென்றே செய்த இயர்ப்ளக்குகள் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பவை. அவற்றை வாங்குங்கள், விலை ஒரு டி-ஷர்ட்டைத் தாண்டாது. உண்மையில் இவற்றை வைத்தால் தெளிவு கூடுகிறது. அளவுக்கு மீறிய ஓசையில் காதே ஒலியைத் திரித்துவிடும், கிட்டார்கள் ஒரே இரைச்சலாகிவிடும். 15 டெசிபல் குறைத்துக் கேட்டால் மூன்று கிட்டாரும் தனித்தனியாகப் பிரியும்.

வைப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தப்பு செய்கிறார்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள், காதுக்குழல் நேராகும். அப்போதுதான் ப்ளக்கை உள்ளே தள்ள வேண்டும். ஸ்பான்ஜ் வகை என்றால் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டி உள்ளே வைத்து, அது விரியும்வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். சரியாக அமர்ந்ததா என்று பார்க்க, நீங்களே பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் குடத்துக்குள்போல் முழங்கினால் அமர்ந்துவிட்டது. வாய்விட்டுப் பாடும்போது தாடை அசைந்து ப்ளக் தளரும், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். கச்சேரி தொடங்கும் முன்பே மாட்டிவிட வேண்டும், நடுவில் மாட்டினால் பஞ்சு வைத்ததுபோல் இருக்கிறதே என்று தோன்றிக் கழற்றிவிடுவீர்கள்.

இனி என்ன கேட்கப் போகிறீர்கள் என்பது. பாட்டுவரிசை தெரியாமல் போக விரும்பினால் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

குழு தொடங்கி 50 ஆண்டு ஆவதைக் கொண்டாடும் இந்தச் சுற்றுப்பயணம் 2025 மே 27இல் புடாபெஸ்டில் தொடங்கியது. முதல் ஒன்பது ஆல்பங்களின், அதாவது 1980 முதல் 1992 வரையிலான பாடல்கள் மட்டுமே. ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ தொடங்கி 2000க்குப் பிந்தைய எதுவும் கிடையாது. 2000க்குப் பிந்தைய பாடல்களால் இந்தக் குழுவின் ரசிகரானவர் என்றால் இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. அவருடைய கரகரத்த, தெருக்குரலில் கேட்டுப் பழகிய ‘கில்லர்ஸ்’ போன்ற பாடல்களை இப்போதைய பாடகர் புரூஸ் டிக்கின்சன் தன் ஓங்கிய குரலில் பாடுவார். ஒப்பிடாமல் கேட்டால் இரண்டும் இனிக்கும்.

‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’ 13 நிமிடத்துக்கு மேல் ஓடும், கோல்ரிட்ஜின் நெடுங்கவிதையை ஒட்டி ஹாரிஸ் எழுதியது. நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் கட்டைகள் முனகும் ஓசையும் பேஸின் சில சுரங்களும் மெல்லக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. பழக்கமில்லாத கூட்டம் அந்த நேரத்தில்தான் பியர் வாங்கக் கிளம்பும், பேச ஆரம்பிக்கும். நீங்கள் அசையாதீர்கள். அந்த அமைதியிலிருந்து ஒவ்வொரு கருவியாக எழுந்து மறுபடி முழுவேகம் எடுப்பதைப் பல்லாயிரம் பேர் நடுவில் நின்று கேட்பதற்காகவே அந்த டிக்கெட் விலையைக் கொடுக்கலாம். இரட்டைக் கிட்டார் இசைவுகளையும் உன்னிப்பாகக் கேளுங்கள். ஒருவர் ‘ச’வில் இருந்தால் மற்றவர் ‘க’வில் இருப்பார், அந்த இடைவெளி மாறாமல் இருவரும் சேர்ந்தே ஏறி இறங்குவார்கள். ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பாட்டில் அந்தக் கிட்டார் மெட்டையே கூட்டம் ‘ஓ ஓ’ என்று பாடும். ரெக்கார்டில் இல்லாத, நேரில் மட்டுமே உள்ள பகுதி அது.

டிரம்ஸில் மாற்றம் இருக்கிறது. 1982இன் கடைசியில் சேர்ந்த நிக்கோ மெக்பிரெய்ன் 2024 டிசம்பர் 7இல் சாவோ பாலோவில் தன் கடைசிக் கச்சேரியை வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணங்களிலிருந்து விலகினார். இப்போது வாசிப்பவர் சைமன் டாசன். ஹாரிஸின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் அவரோடு வாசித்தவர், ஆகவே அந்தப் பேஸ் நடை அவருக்குப் பழக்கம். நிக்கோவின் துள்ளலும் சிம்பல் அலங்காரமும் இல்லை, அது இழப்புதான். ஆனால் டாசனின் நிதானமான வாசிப்பில் தா-கிட தெளிவாக விழுகிறது, பழைய பாடல்கள் சில அவற்றின் அசல் வேகத்துக்குத் திரும்பியிருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை இது நல்லதே.

தயாராவதற்குக் கடைசி இரண்டு வாரம் ஸ்டூடியோ ஆல்பங்களை ஓரமாக வைத்துவிட்டு நேரடிப் பதிவுகளைக் கேளுங்கள். 1985இல் வந்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’ முக்கியம், பெரும்பகுதி கலிபோர்னியாவின் லாங் பீச் அரினாவில் பதிவானது. 2001 ஜனவரியில் பதிவான ‘ராக் இன் ரியோ’வில் கூட்டம் எங்கெங்கே பாடுகிறது என்பது தெளிவாகக் கேட்கும். மேடையில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை இந்தச் சுற்றுப்பயணத்தின் ஏதாவது ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த கிட்டார்காரரின் பக்கமாகச் சற்றே சாய்ந்து நில்லுங்கள்.

நேரக் கணக்குக்கு ஒரு நிச்சயமான அடையாளம் உண்டு. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே யுஎஃப்ஓ குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ பாட்டை ஸ்பீக்கரில் முழுசாகப் போடுவார்கள், 1974ஆம் ஆண்டுப் பாட்டு. அது தொடங்கினால் உங்களுக்கு நாலு நிமிடம்தான். கழிப்பறை வரிசையில் இருந்தால் ஓடி வாருங்கள். அது முடிந்ததும் விளக்கு அணையும்.

மேடைக்குப் பின்னால் பழைய வர்ணத்திரைகளுக்குப் பதிலாக இப்போது பெரிய எல்இடி திரை. ஓவியர் டெரிக் ரிக்ஸ் வரைந்த, குழுவின் சின்னமான பிணமுக உருவம் எட்டி அதிலும் வருவான், ஆளாகவும் மேடைக்கு வருவான். உள்ளே இருப்பவர் கொக்கலிக்கட்டையில் நடக்கிறார், அதனால் எட்டியின் நடையில் ஒரு தள்ளாட்டம் இருக்கும். ஃபோனைத் தாழ்த்தி வைக்கும்படி மேலாளர் ராட் ஸ்மால்வுட் இந்தச் சுற்றுப்பயணத்துக்கு முன்பே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். எட்டி வரும்போது ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். பின்னால் நிற்பவருக்கும் அவருடைய பதினைந்து வருடம் இருக்கிறது.

கூட்டத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 1988 ஆகஸ்ட் 20இல் இங்கிலாந்தின் டானிங்டனில் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் மெய்டன்தான் முதன்மைக் குழு. ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். மழையில் சகதியான சரிவில், முன்னதாக வேறு குழு வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் முன்னால் சாய்ந்து, விழுந்தவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். மெய்டனுக்கு அந்தச் செய்தி சொல்லப்பட்டது அவர்கள் வாசித்து முடித்த பிறகுதான். நெரிசலில் பெரும்பாலும் ஆட்கள் சாவது மிதிபட்டு அல்ல, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று. சதுர மீட்டருக்கு 5 பேரைத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது. இதை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நாலு பக்கமும் உடம்பு படுகிறது, கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் அப்போதே வெளியேறுங்கள்.

வெளியேறும் விதம்: ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்று, முன்கைகளை மார்புக்கு முன்னால் மடக்கிப் பிடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அலையாக வரும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், அதோடு போங்கள். அலை தணியும் அந்த ஓரிரு விநாடியில் குறுக்கே, பக்கவாட்டில் நகருங்கள். முன் தடுப்புக்கு அருகில் மாட்டிக்கொண்டால் காவலருக்குக் கை நீட்டுங்கள், தூக்கி அந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள். கீழே விழுந்த யாரையும் உடனே தூக்கி விடுவது அங்குள்ள எழுதாத சட்டம், நீங்களும் செய்யுங்கள்.

உடம்புக்கு: மூன்று மணி நேரம் முன்னால் வயிறாரச் சாப்பிடுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள். ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், பலர் சரிவது இதனால்தான். பாட்டுக்குப் பாட்டு குதிகாலைத் தூக்கி இறக்கினால் போதும். பழகிய, முன்பக்கம் மூடிய ஷூ, இரட்டை முடிச்சு. பல அரங்குகளில் ஏ4 தாளைவிடப் பெரிய பையை விடமாட்டார்கள், அரங்கின் விதியை முதலிலேயே பார்த்துவிடுங்கள். டிக்கெட் ஃபோனில்தான் என்றால் பேட்டரியைக் காப்பாற்றுங்கள், வாசலில் இணையம் அடிக்கடி திணறும் என்பதால் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் பெயர் போட்ட டி-ஷர்ட் வேண்டுமானால் உள்ளே நுழைந்ததும் வாங்குங்கள். கச்சேரி முடிந்த பிறகு உங்கள் அளவு இருக்காது.

இந்தியாவில் நடந்தவை பற்றியும் கேட்டிருக்கிறார். மெய்டன் முதலில் வந்தது 2007 மார்ச் 17இல், பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு. 2008 பிப்ரவரி 1இல் மும்பையில் வாசித்தார்கள். டிக்கின்சனே விமானியாக ஓட்டிய ‘எட் ஃபோர்ஸ் ஒன்’ போயிங் 757இல் கருவிகளும் குழுவும் ஒன்றாக வந்து இறங்கிய சுற்றுப்பயணம் அது. 2009 பிப்ரவரியில் மீண்டும் பெங்களூரு. சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இந்தக் குழு இரண்டு முறை வாசித்தது என்பது அந்தக் காலத்துத் தமிழ் மெட்டல் ரசிகர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில், எல்லோரும் மேடையை விட்டுப் போன பிறகு, மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் ‘ஆல்வேஸ் லுக் ஆன் தி பிரைட் சைட் ஆஃப் லைஃப்’ ஒலிக்கும். அது கேட்டால் இனி ஒரு பாட்டும் கிடையாது என்று பொருள், காத்திருக்க வேண்டாம். ஆனால் உடனே வாசலுக்கும் ஓடாதீர்கள், கால் மணி நேரம் நின்று கூட்டம் கரைந்த பிறகு கிளம்புங்கள். வெளியே வந்ததும் ப்ளக்கை மெதுவாகத் திருகி எடுங்கள், வெடுக்கென்று இழுத்தால் காதுக்குள் அழுத்தம் மாறி வலிக்கும். காதில் ‘ங்ங்’ என்று ரீங்காரம் இருந்தால் அன்றிரவு ஹெட்ஃபோன் வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் மட்டும் அந்த ஓரிரு நாளும் காத்திருக்காமல் மறுநாளே போய்விடுங்கள். அதற்கான ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.